ஜெயந்தி சிஸ்டர் என் மூச்சை எண்ணிய நாட்கள்

கெண்டைக்கால் வலியில்தான் எல்லாம் தொடங்கியது. காய்ச்சல் அதற்குப் பின்னால்தான் வந்தது. கேரளத்தில், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் எங்களுக்கு நெல்வயலும் கொஞ்சம் தென்னையும் உண்டு. அந்த வருடம் மழை விட்டுவிட்டுப் பெய்து வரப்பெல்லாம் சரிந்து கிடந்தது. நாற்று நட ஆள் போதவில்லை என்று நானும் இறங்கிச் சேற்றில் நின்றேன். அதனால் கால் வலித்தபோது அது சேற்றின் வலி என்றே நினைத்தேன். தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் எழுந்து கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைத்ததும் யாரோ கெண்டைக்காலைப் பிடித்து முறுக்கியதுபோல் இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் வேலுச்சாமி அதிகம் பேசாதவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, கண்ணு ரெண்டும் என்ன இப்பிடிச் செவந்து கெடக்குது?" என்றார்.

"தூக்கமில்லீங்க. அதுதான்."

"தூக்கமில்லாட்டி இப்பிடியா செவக்கும்? எந்திரி, டாக்டர்கிட்ட போலாம்."

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர் என் கெண்டைக்காலை லேசாக அழுத்தினார். நான் கத்தினேன். கண் இமையை இழுத்துப் பார்த்தார். பாதத்தைத் தூக்கி, விரலிடுக்கில் இருந்த வெடிப்பைப் பார்த்தார். "வயல்ல எறங்கினீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். உடனே பாலக்காட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். காலைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, விரலிடுக்கைப் பார்த்து ஒரு நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று வண்டியில் போகும்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் நோண்டிப் பார்க்கிற புத்தி. காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் அந்தப் புத்தி அடங்கவில்லை.

பாலக்காட்டு மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் காத்திருந்தோம். காத்திருக்கும் இடங்களில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்: "உங்களுக்கு என்ன?" எனக்கு என்ன என்று எனக்கே தெரியாததால் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தில், இவ்வளவுதானா என்ற சலிப்பு தெரிந்தது.

மாலையில் டாக்டர் அனூப் வந்தார். வார்டுக்குப் பொறுப்பான இளம் டாக்டர். அவர் பேசியது பாதி மலையாளம், பாதி தமிழ். எலிப்பனி என்றார். நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்போம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் ஒரு நுண்கிருமி இருக்கும். தோலில் சின்ன வெடிப்பு இருந்தால் போதும், அது உள்ளே நுழைந்துவிடும். பிறகு இரத்தத்தோடு போய்ச் சிலருக்குக் கல்லீரலில், சிலருக்குச் சிறுநீரகத்தில், சிலருக்கு நுரையீரலில் உட்கார்ந்துகொள்ளும். பலருக்கு வெறும் காய்ச்சலோடு போய்விடும். சிலருக்குப் போகாது.

"எனக்கு எதுல உக்காந்திருக்குதுங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதைத்தான் பாத்துகிட்டே இருக்கணும் சேச்சி" என்றார்.

பார்த்துக்கொண்டே இருப்பது யார் என்று அப்போது நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்திலேயே அது தெரிந்துவிட்டது.

ஜெயந்தி சிஸ்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊர்க்காரர். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். கஞ்சிக்கோட்டில் வேலை செய்யும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு இந்தப் பக்கம் வந்தவர். இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்டுப் பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு, அண்மையில்தான் திரும்பச் சேர்ந்திருந்தார். அவர் பேசும் தமிழ் எங்கள் தமிழ் இல்லை. தெற்கத்தித் தமிழ். அந்தப் பெரிய வார்டில் மலையாளத்துக்கு நடுவே அதைக் கேட்டபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது.

"ஈஸ்வரிக்கா, ஊசி மருந்து ஏத்தப் போறேன். பென்சிலின். இதுக்கு முன்ன எதும் மருந்து ஒத்துக்கிடாமப் போயிருக்கா?"

"இல்ல அம்மிணி."

கையில் சோதனை ஊசி போட்டுப் பார்த்துவிட்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் என் பல் அடித்துக்கொண்டது. அடுத்த பாட்டில் தண்ணீரும் மருந்தும் ஏறிக்கொண்டிருந்தபோது கட்டில் ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. என் கணவர் பயந்துபோய் என் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஜெயந்தி ஓடி வந்தார். முதலில் சொட்டுவதை நிறுத்தினார். என் சட்டைக் கையை ஏற்றித் தோலைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். "தொண்டை அடைக்குதா? அரிக்குதா எங்கயாவது?" என்று கேட்டார். இரத்த அழுத்தம் பார்த்தார். அது இறங்கியிருந்தது. டாக்டரை அழைத்தார்.

டாக்டர் அனூப் வந்து பார்த்தார். பிறகு ஜெயந்தியிடம் திரும்பி, "சிஸ்டர்க்கு எந்தா தோன்னுன்னது?" என்று கேட்டார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று.

ஜெயந்தி கொஞ்சம் தடுமாறினார். மருந்து ஒவ்வாமையாக இருக்குமோ என்று நினைத்ததாகவும், ஆனால் தடிப்பும் இல்லை, மூச்சில் விசிலும் இல்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் மலையாளத்தில் சொன்னார். எலப்புள்ளிக்காரிக்கு மலையாளம் புரியாமல் போகுமா? எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நடுங்கிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் விளக்கினார். முதல் மருந்து உள்ளே போனதும் கிருமிகள் கூட்டமாகச் சாகும். செத்த கிருமிகளிலிருந்து வெளியாகும் பொருட்களால் உடம்பு இப்படி நடுங்குவது உண்டு. மருந்து கெடுதல் செய்யவில்லை, வேலை செய்கிறது என்று அர்த்தம். திரும்ப ஆரம்பிக்கலாம்.

ஜெயந்தியின் முகம் சுருங்கியது. "அப்போ நான் நிறுத்தினது தப்பா?" என்று கேட்டார்.

"இல்ல. நிறுத்தாம விட்டு, அது ஒவ்வாமையா இருந்திருந்தா? நிறுத்திட்டு என்னைக் கூப்பிட்டதுதான் சரி" என்றார் டாக்டர்.

அவர் அப்படிச் சொன்ன பிறகும் ஜெயந்தியின் முகம் தெளியவில்லை. நடுக்கம் நிற்கும் வரை என் பக்கத்திலேயே நின்றார். கம்பளி போர்த்திவிட்டார். அந்த நடுக்கத்திலும் நான் அவரை ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தேன். என் நெஞ்சையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்த தவறுக்குப் பரிகாரம்போல நிற்கிறார் என்று அன்று நினைத்துக்கொண்டேன். அது வேறு காரியம் என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்து வந்த நாட்களில் காய்ச்சல் தணிந்தது, ஆனால் கண் மஞ்சளானது. இரத்தம் உறைய உதவும் அணுக்களைப் பிளேட்லெட் என்கிறார்கள், அது குறைந்தது. கிரியாட்டினின் ஏறியது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது. இரத்தத்தில் அது கூடினால் வடிகட்டி சோர்ந்துவிட்டது என்று பொருள். என் சிறுநீரை ஒரு பிளாஸ்டிக் குடுவையில் பிடித்து அளந்தார்கள். உள்ளே போகும் தண்ணீர் எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பார்த்தார்கள். மதகு எவ்வளவு திறந்திருக்கிறது, கடைமடையில் எவ்வளவு வருகிறது என்று நாங்கள் பார்ப்பதுபோலத்தான். ஆகவே அந்தக் கணக்கு மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது.

என் கணவர் அந்த நாட்களில் செய்த ஒன்றைச் சொல்லவேண்டும். படுத்துப் படுத்து என் தலைமுடி சிக்குப் பிடித்துப்போனது. சீப்பைக் கையில் எடுத்தே அறியாத மனிதர் கடைக்குப் போய் அகலப் பல் சீப்பு வாங்கி வந்தார். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கயிறு சிக்கெடுப்பதுபோல நுனியிலிருந்து மெல்ல மெல்ல எடுத்தார். பின்னுவதற்குத் தெரியவில்லை. இரண்டாகப் பிரித்து முறுக்கிவிட்டார். அதைப் பார்த்து வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் கழிப்பறைப் பக்கம் போய்விட்டு வந்தபோது அவர் கண், முதல் நாள் என் கண் இருந்ததுபோலவே சிவந்திருந்தது.

யார் வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டாலும் நான் "பரவால்லீங்க" என்பேன். எங்கள் வீடுகளில் அப்படித்தான். உறம்பரையென்று சொந்தக்காரர்கள் வந்து கேட்டால் படுத்த படுக்கையாய் இருந்தாலும் "ஒண்ணுமில்லீங்க, வாங்க, காப்பி குடிங்க" என்போம். அதை ஜெயந்தி கவனித்திருக்கிறார். ஒரு மதியம் சாப்பாட்டு வண்டி போன பிறகு வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி அது. அதில் தெரிந்த எண் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் எனக்கும் அந்த எண்கள் பழகியிருந்தன. தொண்ணூற்றாறு. பரவாயில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஜெயந்தி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "அக்கா, உங்க வீட்டுக்கு எப்பிடி வரணும்? பஸ்ஸவிட்டு எறங்கினா எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வரப்போகிறாராக்கும் என்று எனக்குச் சந்தோஷம். "பஸ்ஸ விட்டு எறங்கி... கெழக்கால வந்தீன்னா... ஒரு மாரியம்மங் கோயலு. அதத் தாண்டி... வாய்க்கா மேட்டுல..." என்று சொல்லிக்கொண்டே போனேன். நடுநடுவே நிற்க வேண்டியிருந்தது. ஏன் நிற்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜெயந்தி தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"வாய்க்கா மேட்டுல எவ்வளவு தூரம்க்கா?"

"கூப்புடு தூரந்தான்... அக்கட்டால... எங்க ஊடு."

கேட்டுவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். சிறுநீர்க் குடுவையைப் பார்த்தார். ஏறிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட இருந்த இன்னொரு சிஸ்டரிடம் போய் ஏதோ சொன்னார். அந்த சிஸ்டர் கெட்டவர் இல்லை, வேலைப் பளுவில் இருந்தார். "சாச்சுரேஷன் தொண்ணூத்தாறு இருக்கே. டாக்டர் கேஷுவாலிட்டில இருக்காரு. ரவுண்ட்ஸுக்கு வரும்போது சொல்லலாமே" என்று அவர் மலையாளத்தில் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஜெயந்தி திரும்பி என்னைப் பார்த்தார். முதல் நாள் கூப்பிட்டு அது ஒன்றுமில்லாமல் போனதே, இன்றும் அப்படி ஆனால் என்ன என்ற எண்ணம் அந்த நேரத்தில் அவரைப் பிடித்து இழுத்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார். நான் பார்த்ததெல்லாம் இதுதான்: ஒரு அடி போனார், நின்றார், பிறகு நேராகப் போய்ப் போனை எடுத்தார்.

போனில் அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஆக்சிஜன் சரியாத்தான் இருக்கு டாக்டர். ஆனா அதைச் சரியா வச்சுக்கறதுக்கு அவங்க ரொம்பப் பாடுபடறாங்க. காலையில ஒரு மூச்சுல ஒரு வாக்கியம் பேசினாங்க. இப்ப நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிக்கறாங்க. மூச்சு எண்ணிக்கை கூடியிருக்கு. யூரின் கொறைஞ்சிருக்கு. நீங்க இப்பவே வந்து பாக்கணும்."

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ தெரியாது. கொஞ்சம் இடைவெளி விட்டு ஜெயந்தி, "நுரையீரல்னு எனக்குத் தோணுது" என்றார்.

அதுவரை எனக்குப் பயம் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் என் மூச்சை நானே கேட்க ஆரம்பித்தேன். நாய் இளைப்பதுபோல் இருந்தது. எப்போதிருந்து இப்படி? யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை. என் உடம்புக்குள் நடந்ததை என்னைத் தவிர இன்னொருவர் முதலில் கேட்டிருக்கிறார்.

டாக்டர் அனூப் கேஷுவாலிட்டியிலிருந்து வந்தார். முதுகில் குழல் வைத்துக் கேட்டார். படம் எடுக்கும் இயந்திரத்தைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். படத்தில் நுரையீரலின் கீழ்ப்பகுதி இரண்டு பக்கமும் வெள்ளையாகப் புகை படிந்ததுபோல் இருந்தது. அன்று மாலை இருமியபோது சளியில் இரத்தக் கோடு வந்தது. அதற்கு முன்பே என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். நுரையீரலில் இரத்தம் கசிவது இந்தக் காய்ச்சலில் மிக மோசமான திருப்பம் என்று பிறகு சொன்னார்கள். அது வேகமாகப் பரவக்கூடியது. முன்னரே பிடித்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். எனக்கு முன்னரே பிடித்துவிட்டார்கள்.

அங்கே இருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. முகத்தில் இறுக்கமான ஒரு முகமூடி. அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். முதலில் வெள்ளத்தில் முக்கியெடுப்பதுபோல இருந்தது. பிய்த்து எறியப் பார்த்தேன். அங்கிருந்த சிஸ்டர் என் தோளில் மெல்லத் தட்டித் தட்டி, அந்தத் தட்டலோடு சேர்ந்து மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார். கழுத்தில் குழாய் வைத்து இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விட்டார்கள். டயாலிசிஸ். சிறுநீரகம் ஓய்வெடுக்கட்டும் என்று அதன் வேலையை இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான். என் கணவரைக் கொஞ்ச நேரம் மட்டும் உள்ளே விடுவார்கள். பச்சை அங்கி போட்டுக்கொண்டு வந்து நிற்பார். என்ன பேசுவது என்று தெரியாமல், "நடவு பச்சை புடிச்சிருச்சு புள்ள. மேக்கு வயலு மட்டும் கொஞ்சம் பின்னாடி நிக்குது" என்பார். நான் தலையாட்டுவேன். அந்த மேற்கு வயல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவாவது அடுத்த நாள் வரை உயிரோடு இருக்கவேண்டும் என்று தோன்றும்.

மூச்சு தணிந்து, சிறுநீர் தானாக இறங்க ஆரம்பித்ததும் பழைய வார்டுக்கே திரும்பி வந்தேன். ஜெயந்தி கதவருகிலேயே நின்று என்னைப் பார்த்தார். ஓடி வரவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் சிரித்துக்கொண்டு வந்தார்.

எனக்குப் பேச்சு திரும்பிவிட்டது. கேள்விகளும் திரும்பிவிட்டன.

"அம்மிணி, அன்னிக்கி என்ற ஊட்டுக்கு வழி கேட்டியே, அது சும்மாவா?"

"வழி தெரிஞ்சுக்கிடத்தான்க்கா" என்று சிரித்தார். பிறகு, "நீங்க எத்தன வார்த்தைக்கு ஒருக்கா நிக்கிறீங்கன்னு பாத்தேன். எப்பிடி இருக்குன்னு கேட்டா நீங்க பரவால்லன்னுதான் சொல்லுவீங்க. உங்ககிட்ட அந்தக் கேள்வி கேட்டுப் பிரயோஜனமில்ல" என்றார்.

"அப்ப நாடி பாத்தது?"

"பாதி நேரம் நாடி பாத்தேன். மீதி நேரம் கையப் புடிச்சுக்கிட்டே நெஞ்சு ஏறி எறங்குறத எண்ணினேன். மூச்ச எண்ணப்போறேன்னு சொல்லிட்டா யாருமே இயல்பா மூச்சு விடமாட்டாங்க. நீங்களும்தான்."

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். விரல் கிளிப்பைவிட அந்தக் கணத்தில் எனக்கு ஆர்வம் தந்தது இந்தத் தந்திரம்தான். இதையெல்லாம் படிப்பில் சொல்லித்தருவார்களா என்று கேட்டேன்.

"சொல்லித் தருவாங்க. எல்லாம் தெரியும் எனக்கு. ஆனா திரும்ப வேலைக்கு வந்த புதுசுல ரொம்பத் தெணறிட்டேன்க்கா. படிச்சது எதுவும் மறக்கல. எத முதல்ல பாக்கணும்னுதான் மறந்துபோச்சு. வார்டுக்குள்ள நுழைஞ்சா எல்லாமே ஒரே நேரத்துல கத்துற மாதிரி இருக்கும். மிஷினப் பாப்பேன், பாட்டிலப் பாப்பேன், ஆளப் பாக்க மறந்துருவேன். அதனாலதான் இப்ப வாசல்லயே ஒரு நிமிஷம் நிக்கிறேன். எதையும் தொடுறதுக்கு முன்ன ஆளப் பாக்குதேன்."

"அன்னிக்கி பெரிய நடுக்கத்துக்கு டாக்டரக் கூப்புட்டயே, அது வேற ஒண்ணா ஆயிப்போச்சே. அப்பறமும் கூப்புட உனக்கு எப்படித் தைரியம் வந்துது?"

ஜெயந்தி மருந்துத் தட்டில் இருந்த ஊசிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே யோசித்தார். "அன்னைக்குக் கூப்பிட்டதுதான்க்கா இதுக்கு உதவிச்சு" என்றார். "அந்த நடுக்கத்துல ரொம்ப நேரம் உங்க பக்கத்துல நின்னேன்ல? அத்தன காய்ச்சல்லயும் குளிர்லயும் நீங்க வாய் ஓயாம என்னக் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தீங்க. எங்கயும் நிக்கல. அது என் மனசுல இருந்துச்சு. அப்பிடிப்பட்டவங்க காய்ச்சலே இல்லாதப்ப நாலு வார்த்தைக்கு நின்னா, அப்ப என்னமோ இருக்குன்னு தோணிச்சு. என்னன்னு தெரியல. டாக்டர் போன்ல கேட்டாரு, உனக்கு என்ன தோணுதுன்னு. அவர் எப்பவும் கேப்பாரு. அப்பிடிக் கேக்கும்போதுதான் நான் என்ன நினைக்கேன்னே எனக்குத் தெரிய வரும்."

ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அன்றைய நாளைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாராம். என்ன பார்த்தேன், என்ன நினைத்தேன், எதைப் பார்க்காமல் விட்டேன் என்று. பக்கத்துச் சீட்டுப் பெண்கள் இவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வார்களாம்.

அதற்குப் பிறகு நான் வார்டையே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். கையில் வேலை இல்லை, காலில் பலம் இல்லை. கண் மட்டும் இருந்தது. யாருக்கு எப்படி மூச்சு ஏறுகிறது என்று எண்ணிப் பார்ப்பேன். எண்ணிக்கை தப்பிவிடும். திரும்ப எண்ணுவேன்.

பக்கத்துக் கட்டிலுக்குக் கல்பாத்தியிலிருந்து பார்வதி மாமி வந்து சேர்ந்தார். வயதானவர், சர்க்கரைக்காரர், சிறுநீர்த் தொற்றுக்காக வந்தவர். கூட மகள் இருந்தார். மாமி வாய் மூடமாட்டார். வந்த அன்றே என் வயல், என் மாடு, என் கணவரின் தங்கைக்கு எத்தனை பிள்ளைகள் என்பது வரை கேட்டு முடித்துவிட்டார். எனக்கே ஈடு கொடுக்கிற ஆள்.

மறுநாள் மதியம் மாமி சாப்பிட்டுப் படுத்தார்; அதன் பிறகு அவரிடமிருந்து சத்தமே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. மகள், "நன்னாத் தூங்கறா, தூங்கட்டும்" என்று சன்னமாகச் சொன்னார். ஜெயந்தி வாசலில் வந்து நின்றவர் நேராக மாமியிடம் வந்தார். கூப்பிட்டார். மாமி "ம்" என்று முனகிவிட்டு மறுபடி தூங்கினார்.

சர்க்கரை இறங்கிவிட்டது என்று நான் மனதுக்குள் முடிவு கட்டினேன். எனக்கும் இப்போது விஷயம் தெரியும் என்ற மிதப்பு. ஜெயந்தி விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை சரியாக இருந்தது. என் வைத்தியம் அதோடு முடிந்தது. காய்ச்சல் இல்லை. இரத்த அழுத்தம் சரி. ஜெயந்தி மூச்சை எண்ணினார்; அதுவும் சரி. இருந்தாலும் அவர் முகம் சமாதானமாகவில்லை. வயதானவர்களுக்குத் தொற்று இரத்தத்தில் கலந்தால் முதலில் காய்ச்சல் வராமல் மயக்கம் மட்டுமே வரலாம் என்று மகளிடம் விளக்கிவிட்டு டாக்டரை அழைத்தார்.

டாக்டர் அனூப் வந்து மாமியின் தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டார். மாமி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். சுற்றிலும் நிற்கிறவர்களைப் பார்த்தார்.

"என்னத்துக்கு இத்தன பேர் நிக்கறேள்? நான் இருக்கேனா போயிட்டேனா?"

"மாமி, ரொம்பத் தூங்கறீங்களே, அதான்" என்றார் டாக்டர்.

"பின்ன தூங்காம? ராத்திரி முழுக்க இந்த எலப்புள்ளிக்காரி லொக்கு லொக்குன்னு இருமிண்டே இருந்தா. ஒரு பொட்டுக் கண்ண மூட விட்டாளா? கேளுங்கோ அவள!"

வார்டே சிரித்தது. நான் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு இரத்தச் சோதனை எழுதினார். மாலையில் அதன் முடிவு வந்தது. கெடுதலாக எதுவும் இல்லை.

ஜெயந்தி எனக்கு மாத்திரை கொடுக்க வந்தபோது மெல்லக் கேட்டேன். "வெக்கமா இல்லியா அம்மிணி?"

"கொஞ்சம் இருக்குக்கா" என்றார் ஒளிக்காமல். "ஆனா மாமி நல்லாத் தூங்கினா எப்பிடி இருப்பாங்கன்னு இன்னைக்குத்தான பாத்தேன்."

அடுத்த நாள் மதியமும் மாமி சாப்பிட்டுப் படுத்தார். அதேபோல் வாய் லேசாகத் திறந்திருந்தது, அதேபோல் சத்தமில்லை. ஜெயந்தி வந்தார். கால்மாட்டில் நின்று பார்த்தார். நான் என் கட்டிலில் முழங்கையை ஊன்றி எழுந்து, அவர் என்ன செய்யப்போகிறார் என்று கண் கொட்டாமல் பார்த்தேன். அவர் மாமியைத் தொடவில்லை. கூப்பிடவில்லை. ஜன்னல் வழியே மாமியின் முகத்தில் விழுந்த வெயிலைத் திரையை இழுத்து மறைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் வெகுநேரம் மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நேற்றைய தூக்கமும் இன்றைய தூக்கமும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. மாமியின் நல்ல தூக்கம் எப்படி இருக்கும் என்று நேற்றே பார்த்துவைத்த ஜெயந்திக்கு அது போதுமாக இருந்தது.